ஏழு மில்லிநொடி

ஆய்வுக்கூடத்தில் அவளுக்கு ஊசிக்காரி என்று பெயர். துணி தைக்கிறவள் இல்லை, மருத்துவமனையில் ஊசி போடுகிறவளும் இல்லை. கண்ணாடிக் குழாயைச் சூட்டில் இளக்கி இழுத்து, முனையைத் தலைமுடியைவிட மெல்லியதாக்கி, மயங்கிக் கிடக்கும் சுண்டெலியின் மூளைக்குள் அதை இறக்கி, கண்ணுக்கே தெரியாத ஒரு செல்லைப் பிடித்து நிறுத்துகிறவள். பதினேழு வருடமாக இதே பிழைப்பு. நான்கு ஊர், ஐந்து ஆய்வுக்கூடம், அத்தனையும் ஒப்பந்தம். ஒரு இடத்தில் மூன்று வருடம், இன்னொரு இடத்தில் இரண்டு, ‘நிதி வந்தால் பார்க்கலாம்’ என்று இழுத்த இடத்தில் பதினோரு மாதம். வயது நாற்பத்திரண்டு ஆகிவிட்டது. கழுத்தில் தொங்கும் அட்டையில் இன்னும் ‘தற்காலிகம்’ என்றுதான் அச்சடித்திருந்தது.

இந்தமுறை கதை வேறு மாதிரி முடியும் போலிருந்தது. இருபத்தெட்டாம் தேதி தேர்வுக் குழு கூடுகிறது. நிரந்தர இடம் ஒன்றே ஒன்று. அவளுடைய கட்டுரையை நல்ல சஞ்சிகை ஒன்று ஏறக்குறைய ஏற்றுக்கொண்டிருந்தது. ஏற்புக் கடிதம் வந்துவிட்டால் இடம் அவளுக்குத்தான் என்று பேராசிரியர் வாய்விட்டே சொல்லியிருந்தார். அடுத்த வருடம் ஓய்வு பெறப் போகிறவர், ஜாடையாகப் பேசிக்கொண்டிருக்க அவருக்கு நேரமில்லை.

வீட்டில் இதைப் பற்றி யாரும் சத்தமாகப் பேசுவதில்லை. பேசினால் கைநழுவிவிடுமோ என்று ஒரு பயம். கணவர் பேருந்துப் பணிமனையில் பிரேக் பிரிவில் வேலை பார்ப்பவர். ஒவ்வொரு ஊருக்கும் அவள் பின்னாலேயே வந்து, ஒவ்வொரு பணிமனையிலும் கடைசி ஆளாகச் சேர்ந்து, வண்டிக்கு அடியில் இருக்கும் பள்ளத்தில் இறங்கி, அண்ணாந்தே வேலை செய்து கழுத்தையும் இடுப்பையும் தொலைத்தவர். இந்த ஊரில் மூன்றாவது வருடம் பள்ளத்தைவிட்டு மேலே ஏற்றியிருந்தார்கள். இப்போது மற்றவர்கள் பார்த்த வேலையைச் சரிபார்த்துக் கையெழுத்துப் போடும் மேற்பார்வையாளர். நாற்காலிகூட உண்டு.

மகளுக்குப் பதினைந்து வயது, ஐந்து பள்ளிக்கூடம். புதுப் பள்ளியில் முதல் நாள் எங்கே நிற்பது, யார் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடுவது, எவ்வளவு சிரிப்பது என்பதில் அவளுக்கு முனைவர் பட்டமே கொடுக்கலாம். இங்கேதான் முதல்முறையாக ஒரு சிநேகிதி வாய்த்திருந்தாள், அடுத்த தெருப் பெண். காலையில் சேர்ந்து போவார்கள், மாலையில் சேர்ந்து வருவார்கள், வந்த பிறகு தொலைபேசியில் ஒரு மணி நேரம் பேசுவார்கள். போன மாதம் தன் அறைச் சுவருக்குப் பச்சை வண்ணம் அடிக்கலாமா என்று மகள் கேட்டாள். வாடகை வீட்டுச் சுவரைப் பற்றி அவள் இதுவரை வாயே திறந்ததில்லை.

“இருபத்தெட்டாம் தேதி போகட்டும்மா. அப்புறம் அடிச்சுக்கலாம்” என்றாள் ஊசிக்காரி.

அப்படி என்னதான் கண்டுபிடித்திருந்தாள்? சுண்டெலியின் மீசை முடி ஒன்றைத் தொட்டால், மூளையின் மேல்பட்டையில் தொடு உணர்வுக்கென்றே இருக்கும் பகுதியில் ஒரு செல்லுக்கு இரண்டு செய்திகள் வருகின்றன. முதலில் வருவது தூண்டல். ‘பேசு’ என்கிறது. அதன் குதிகாலை மிதித்துக்கொண்டே வருவது அடக்கல். ‘போதும்’ என்கிறது. நடுவில் இரண்டு மில்லிநொடிதான், அதாவது ஒரு நொடியை ஆயிரமாக வெட்டினால் அதில் இரண்டே துண்டு. செல் தான் சொல்ல வேண்டியதை அதற்குள் சொல்லிவிட வேண்டும். ‘பேசு’ வராவிட்டால் உடம்பு மரக்கட்டை. ‘போதும்’ வராவிட்டால் ஒரு சின்னத் தொடுகை மூளை முழுவதையும் கிளப்பிவிட்டு வலிப்பில் கொண்டுபோய் நிறுத்தும். இதெல்லாம் அந்தத் துறையில் எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. அவள் சொன்னது வேறு. பட்டையின் ஆழத்தில் இருக்கும் ஒருவகை செல்லுக்கு மட்டும் ‘போதும்’ ஏழு மில்லிநொடி கழித்துத்தான் வருகிறது என்றாள். அந்த செல் மற்றவற்றைவிட மூன்று மடங்குக்கும் மேல் பேசுகிறது, அடுத்தடுத்த தொடுகைகளை அதுதான் ஒன்றாகச் சேர்த்து வைக்கிறது என்றாள். மூன்று வருடத்தில் அறுபத்து நான்கு செல்கள். ஒரு செல்கூடக் கிடைக்காமல் வீடு திரும்பிய நாட்களுக்குக் கணக்கில்லை.

கணவர் இதைப் பணிமனையில் தன் பாணியில் சொல்லி வைத்திருந்தார். “என் வீட்டுக்காரி மூளையோட பிரேக்கைப் பத்திக் கண்டுபிடிச்சிருக்கா. ஒரு இடத்துல லேட்டாத்தான் பிடிக்குதாம்.”

“உங்க தலையைத் திறந்து பாத்தாங்களா அண்ணே?” என்று பள்ளத்துக்குள்ளிருந்து ஒருவன் கேட்டான். பணிமனையே சிரித்தது. அதை வீட்டுக்கு வந்து அவரே சொல்லிச் சிரித்தார்.

அந்த இரண்டு செய்திகளையும் ஒரே சமயத்தில் கேட்க முடியாது. செல்லை ஒரு மின்னழுத்தத்தில் பிடித்து வைத்தால் ‘பேசு’ மட்டும் கேட்கும், இன்னொன்றில் பிடித்து வைத்தால் ‘போதும்’ மட்டும் கேட்கும். மாற்றி மாற்றித் திருப்பினால் செல் தாங்காது. கையில் கிடைப்பதோ இருபது, இருபத்தைந்து நிமிடம். அதனால் அவள் முதல் பாதியில் தூண்டலை அளந்துவிட்டு, மறு பாதியில் அடக்கலை அளப்பாள். அதுதான் அவளுடைய முறை.

நடுவில் இன்னொன்றும் செய்வாள். சுண்டெலிக்கு மயக்க மருந்து கொஞ்சம் கூட்டிக் கொடுப்பாள். பாதத்தைக் கிள்ளிப் பார்த்து, அசைந்தால்தான் கூட்ட வேண்டும் என்று விதி. முதல் வருடத்தில் ஒருநாள், பாதி அளவெடுப்பில், கிள்ளாமலே ஒரு பின்னங்கால் லேசாக இழுத்துக்கொண்டது. உடனே மருந்து கொடுத்தாள், அதுவும் அடங்கிவிட்டது. ஆனால் ஒரு வாரம் அவளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அதற்கு வலித்ததோ என்னவோ, யார் கண்டது? அன்றிலிருந்து கிள்ளிப் பார்க்கக் காத்திருப்பதே இல்லை. பாதி முடிந்ததும், மின்னழுத்தத்தை மாற்றும் அந்த இரண்டு நிமிட இடைவெளியில், கை தானாகவே மருந்துக்குப் போய்விடும். நோட்டிலும் நேரத்தை ஒழுங்காக எழுதி வைப்பாள். யாரும் எதுவும் கேட்டதில்லை. கேட்டால் மெச்சத்தான் மெச்சியிருப்பார்கள்.

சஞ்சிகைக்காகக் கட்டுரையை மதிப்பிட்ட மூன்று நடுவர்களில் இரண்டு பேர் தலையாட்டிவிட்டார்கள். மூன்றாமவர் பெயர் தெரியாதவர், பெயர் தெரியாததாலேயே தைரியமானவர். ஒரே ஒரு வரி எழுதியிருந்தார். ‘சில செல்களிலாவது வரிசையை மாற்றி, அடக்கலை முதலிலும் தூண்டலைப் பிறகும் அளந்து பார்த்தால் நன்றாக இருக்கும்.’

“வேலைவெட்டி இல்லாத மனுஷன்” என்றாள் அவள். ஆனாலும் செய்தாள்.

முதல் நாள் பிடித்த செல் பாதியில் செத்தது. இரண்டாம் நாளும் அப்படியே. மூன்றாவது முயற்சி ஒரு செவ்வாய்க்கிழமை. அதிர்வு படாமல் காற்றின்மேல் மிதக்கும் கனத்த மேசை, அதைச் சுற்றித் தாமிர வலைக் கூண்டு, கூண்டுக்குள் துளியளவு வெளிச்சம். ஊசியோடு இணைத்த பிளாஸ்டிக் குழாயின் மறு நுனியை வாயில் கவ்விக்கொண்டு ஊசியை மைக்ரோன் மைக்ரோனாக இறக்கினாள். திரையில் துடிப்பு சற்றே குறுகியது. ஏதோ தட்டுப்பட்டிருக்கிறது. குழாயை மெல்ல உறிஞ்சினாள், குழந்தையின் மூக்கை உறிஞ்சி எடுக்கும் தாய் மாதிரி, அவ்வளவே மெல்ல. செல் ஒட்டிக்கொண்டது. இன்னும் ஒரு சின்ன உறிஞ்சல். செல்லுக்குள்ளேயே போய்விட்டாள்.

நல்ல செல். வருடத்துக்கு நாலு கிடைத்தால் அதிகம் என்கிற மாதிரி செல். அடக்கலை முதலில் அளந்தாள். மருந்து கொடுத்தாள். மின்னழுத்தத்தை மாற்றித் தூண்டலை அளந்தாள். இருபத்தாறு நிமிடம் அது அசையாமல் இருந்தது. தன் கைக்குத் தானே முத்தம் கொடுத்துக்கொள்ளலாம் போலிருந்தது.

கணினி இரண்டு கோடுகளையும் ஒன்றன்மேல் ஒன்றாக வரைந்தது. பார்த்தாள். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தாள். தொட்ட பதினோராவது மில்லிநொடியில் ‘போதும்.’ பதினாலாவதில் ‘பேசு.’

அடக்கல் முந்தி வந்துவிட்டது, தூண்டல் பிந்தி வருகிறது. வாயைத் திறப்பதற்கு முன்பே வாயை மூடு என்கிற மாதிரி. இப்படி நடக்கவே நடக்காது. கம்பிகளை மாற்றிச் சொருகிவிட்டாளோ என்று பார்த்தாள். கோப்புகளின் பெயரைப் பார்த்தாள். எல்லாம் சரியாகத்தான் இருந்தது. ஏதாவது தப்பாக இருக்கவேண்டும் என்று அவள் வேண்டாத தெய்வமில்லை.

பிறகு நோட்டைப் பார்த்தாள். 11.10, அடக்கல். 11.22, மருந்து. 11.24, தூண்டல். அந்த நடு வரியில் கண் நின்றது. மருந்து ஏறினால் மூளை மந்தப்படும், எந்தச் செய்தியும் நாலைந்து மில்லிநொடி தள்ளித்தான் வந்து சேரும். முதலில் அளந்தது லேசாக மயங்கிய எலியில், பிறகு அளந்தது ஆழ்ந்து போன எலியில். எதைப் பின்னால் அளந்தாளோ அது தாமதமாகத் தெரிந்தது. அறுபத்து நான்கு செல்லிலும் அவள் பின்னால் அளந்தது அடக்கலை.

ஏழு மில்லிநொடி சுண்டெலியின் மூளையில் இல்லவே இல்லை. இரண்டு அதனுடையது. மீதி ஐந்தும் அவள் இரக்கம்.

கூண்டுக்குள் கைவைத்து அப்படியே உட்கார்ந்துவிட்டாள். அழுகை வரவில்லை. முதுகுதான் வலித்தது. பதினேழு வருடமும் ஒரே நாளில் வந்து முதுகில் உட்கார்ந்துகொண்ட மாதிரி ஒரு வலி.

மாலையில் கணவர் சட்டையைக் கழற்றிக்கொண்டிருந்தபோது சொன்னாள். முழுவதையும் சொல்ல அவளுக்குத் தெம்பில்லை. பாதியிலேயே அவருக்குப் புரிந்துவிட்டது.

“ஒரு செல்லுதானே?” என்றார்.

“ஒண்ணுதாங்க. ஆனா காரணம் தெரிஞ்சுபோச்சே.”

“வேற யாருக்குத் தெரியும்?”

“யாருக்கும் தெரியாது.”

சட்டையை ஆணியில் மாட்டினார். எடுத்து மறுபடி மாட்டினார். “எங்க டிப்போவுல ஒரு வண்டியைக் குளுந்த பிரேக்கோட சோதிச்சுட்டு, ஓடிச் சூடான பிரேக்கோட இன்னொண்ணைச் சோதிச்சு, இது நல்லது அது கெட்டதுன்னு எவனாவது எழுதிக் கொண்டுவந்தா, நான் கையெழுத்துப் போட மாட்டேன்.” கொஞ்சம் நிறுத்தினார். “அது டிப்போ. ரோட்டுல ஆளு சாவான். இங்க யாரு சாகப்போறா?”

அவள் அலமாரியிலிருந்து தைலத்தை எடுத்தாள்.

“என்கிட்ட கேக்காத” என்றார். “கேட்டா நான் தப்பாத்தான் சொல்லுவேன். மறுபடியும் ஒரு ஊர்ல போய்ப் பள்ளத்துல இறங்க என் இடுப்புக்கு முடியாதுன்னு சொல்லுவேன். அதனால கேக்காத.” கோபமாகச் சொல்லவில்லை. மூட்டையை இறக்கி வைக்கிறவன் குரல் அது. அவள் அவருக்குத் தைலம் தேய்த்துவிட்டாள்.

மறுநாள் பேராசிரியரிடம் போனாள். அவர் மாத்திரைப் பெட்டியைத் திறந்து, அன்றைக்குரியதைத் தேடிக்கொண்டிருந்தார். கண்ணை மூடிக்கொண்டு முழுவதையும் கேட்டார். தூங்கிவிட்டாரோ என்றுகூட அவளுக்குச் சந்தேகம் வந்தது.

“செல்லுக்கும் ஊசிக்கும் நடுவுல தடை எவ்வளவு மாறிச்சு?” என்றார் கண்ணைத் திறக்காமலே. அது மிகவும் மாறியிருந்தால் பிடி நழுவிவிட்டது என்று பொருள். இருபது சதவீதத்துக்கு மேல் போனால் அந்த செல்லைக் கணக்கில் சேர்க்காமல் தூக்கிப் போட்டுவிடலாம். அவர்களே எழுதி வைத்த விதி.

“பத்தொன்பது சார்.”

“நல்லா அளந்தியா?”

“மூணு தடவை.”

“உன் கை இவ்வளவு சுத்தமா இருந்திருக்க வேண்டாம்” என்றார். இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்தது, வந்த வேகத்தில் போயும் விட்டது.

மாத்திரையைப் போட்டுத் தண்ணீர் குடித்தார். “முதல் ரெண்டு செல்லு செத்துப்போச்சுன்னு சொன்னியே. ‘வரிசையை மாற்றி முயன்றோம், செல்கள் தாங்கவில்லை’ன்னு பதில் எழுதினா அந்த ஆளு ஒத்துக்குவாரு. பொய்யும் இல்ல.” கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். “எழுதலாம்னு சொல்றேன். எழுதுன்னு சொல்லல. என் கடைசிப் பேப்பர் இது. அதனால என் யோசனையை நம்பாத.”

ஆக, எல்லோரும் நல்லவர்கள். எல்லோரும் தங்கள் யோசனையை நம்பாதே என்று சொல்லிவிட்டு நகர்ந்துகொண்டார்கள். ஒரு கெட்டவனாவது இருந்திருந்தால் அவன்மேல் கோபப்பட்டாவது பொழுதைப் போக்கியிருக்கலாம் என்று ஊசிக்காரிக்குத் தோன்றியது.

அடுத்த பன்னிரண்டு நாளில் ஐந்து செல்கள் பிடித்தாள். அவளுடைய வாழ்நாளிலேயே இவ்வளவு நல்ல ஓட்டம் வாய்த்ததில்லை. வேண்டாத நேரத்தில்தான் கை இப்படி அருள் கொடுக்கும். இரண்டு செல்களில் வரிசையை மாற்றி, நடுவில் மருந்து கொடுத்தாள். தூண்டல் பிந்தியது. மூன்றில் பழைய வரிசையிலேயே அளந்தாள், நடுவில் மருந்தை மட்டும் தொடவில்லை. ஒவ்வொரு பாதியிலும் பாதத்தைக் கிள்ளிப் பார்த்தாள். அசையவில்லை. இத்தனை நாளும் அவள் பயந்தது வீண் பயம். முதல் செல்லில் இடைவெளி இரண்டு மில்லிநொடி. இன்னொன்றிலும் இரண்டு. கடைசியில் இரண்டேகால்.

எல்லா மூளையிலும் இருக்கிற அதே இரண்டு. அவளுக்கென்று ஒன்றும் தனியாக எடுத்து வைத்திருக்கவில்லை.

இருபதாம் தேதி மதியம் பதில் கடிதத்தைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். ‘வரிசையை மாற்றி முயன்றோம், செல்கள் தாங்கவில்லை’ என்று தட்டினாள். அழகான வாக்கியம். ஒரு பிசிறு இல்லை. அனுப்பினால் எட்டு நாளில் ஏற்புக் கடிதம், நிரந்தர இடம், நாற்காலி, பச்சைச் சுவர். எங்கோ ஒரு ஊரில் அவளைப் போலவே ஒருத்தி இந்தக் கட்டுரையைப் படித்துவிட்டு, இல்லாத ஏழு மில்லிநொடியைத் தேடி மூன்று வருடம் எலிகளோடு மல்லுக்கட்டுவாள். கிடைக்காவிட்டால் தன் கைதான் சரியில்லை என்று நினைத்துக்கொள்வாள். அவளும் ஒப்பந்தத்தில்தான் இருப்பாள்.

அந்தப் பெண்ணை நினைத்து மட்டும் ஊசிக்காரி மனம் மாறவில்லை. அப்படிச் சொன்னால் அவளை ரொம்பப் பெரியவளாக்கிவிட்ட மாதிரி ஆகும். உண்மை இன்னும் சாதாரணமானது. ஒரு பொய்யை வாழ்நாள் முழுக்கக் கட்டிக் காக்க உடம்பில் தெம்பு வேண்டும். ஒவ்வொரு கூட்டத்திலும் யாராவது கையைத் தூக்கும்போதெல்லாம் சிரித்துக்கொண்டே பதில் சொல்ல வேண்டும். அந்தத் தெம்பு அவளிடம் இல்லை. அவளிடம் இருந்ததெல்லாம் களைப்பு. அந்தக் களைப்புதான் அந்த வாக்கியத்தை எழுத்தெழுத்தாக அழித்தது. கட்டுரையைத் திரும்பப் பெறுகிறோம் என்று நாலு வரி எழுதி, காரணத்தையும் மறைக்காமல் எழுதி, பேராசிரியருக்கு ஒரு பிரதி வைத்து அனுப்பினாள்.

அவர் தன் அறையிலிருந்து எழுந்து வந்து, வாசலில் நின்று பார்த்துவிட்டு, “சாப்பிட்டியா?” என்று கேட்டார். இல்லை என்றாள். “போய்ச் சாப்பிடு” என்று சொல்லிவிட்டுப் போனார்.

கணவரிடம் அன்று மாலையே சொல்லிவிட்டாள். அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, “சரி” என்றார். சற்றுக் கழித்து, “நான் உன் இடத்துல இருந்திருந்தா என்ன பண்ணியிருப்பேன்னு எனக்குத் தெரியல” என்றார். மகளிடம் மட்டும் இருபத்தெட்டு வரை சொல்ல வேண்டாம் என்று முடிவு செய்தார்கள். ஒருவேளை குழு மனம் இரங்கினாலும் இரங்கும்.

குழு இரங்கவில்லை. இரங்குவது அதன் வேலையும் இல்லை. இருபத்தெட்டாம் தேதி மதியம் மூன்று வரியில் கடிதம் வந்தது. இடம் வேறொருவருக்குப் போயிற்று, ஒப்பந்தம் அடுத்த மாதக் கடைசியோடு முடிகிறது, இதுவரை ஆற்றிய பணிக்கு நன்றி.

மகள் நாலரை மணிக்குப் பள்ளியிலிருந்து வந்தாள். வாசலில் செருப்பை உதறும்போதே, “என்னம்மா ஆச்சு?” என்றாள். தேதியை அவளும் எண்ணிக்கொண்டுதான் இருந்திருக்கிறாள். ஊசிக்காரி அவளைப் பக்கத்தில் உட்காரவைத்து எல்லாவற்றையும் சொன்னாள். மருந்தைப் பற்றி, வரிசையைப் பற்றி, தான் அனுப்பிய கடிதத்தைப் பற்றி. குழந்தைக்குச் சொல்வது போல் சுருக்கிச் சொல்ல மனம் வரவில்லை. அந்தப் பெண்ணும் குறுக்கே பேசாமல் கேட்டாள். பையை இன்னும் தோளிலிருந்து இறக்கவில்லை.

“நீ சொல்லாம இருந்திருந்தா யாருக்காவது தெரிஞ்சிருக்குமா?”

“தெரிஞ்சிருக்காது.”

“நமக்கு வேலை கிடைச்சிருக்குமா?”

நமக்கு என்றாள். “கிடைச்சிருக்கும்டா.”

மகளின் முகத்தில் இரத்தம் ஏறியது. உதடு திறந்தது. அவளிடம் ஒரு பெரிய வாக்கியம் தயாராக இருந்தது. அது கண் வரை வந்துவிட்டதை ஊசிக்காரி நன்றாகவே பார்த்தாள். வரட்டும் என்று காத்திருந்தாள். வர வேண்டும் என்று வேண்டிக்கொண்டாள். அஞ்சு பள்ளிக்கூடம் மாத்தினேனே, ஒரு வார்த்தை சொன்னேனா, ஒரு எலிக்கு வலிக்கக் கூடாதுன்னு பாத்தியே, எனக்குப் பாத்தியா என்று அந்தப் பெண் கத்தியிருக்கலாம். அப்படிக் கத்தியிருந்தால் அவளைக் கட்டிக்கொண்டு சேர்ந்து அழுதிருக்கலாம்.

உதடு மூடிக்கொண்டது. திறந்ததற்கும் மூடியதற்கும் நடுவில் மூச்சு விடுகிற நேரம்கூட ஆகவில்லை. முகம் பழையபடி ஆகிவிட்டது. புதுப் பள்ளியின் முதல் நாளில் வைத்துக்கொள்கிற அந்த முகம்.

“சரிம்மா. எப்போ கிளம்பறோம்னு மட்டும் கொஞ்சம் முன்னாடியே சொல்லிடு” என்று சொல்லிவிட்டு எழுந்தாள். “நீ நல்லதுதான் பண்ணியிருக்க.”

அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். அறைந்து சாத்தவில்லை, சத்தமே வராமல் சாத்தினாள். ஊசிக்காரி எழுந்து கதவருகே போய் நின்றாள். தட்டலாமா என்று கையைத் தூக்கினாள்.

உள்ளே தொலைபேசி அடித்தது. சிநேகிதிதான். மகள் உடனே எடுத்தாள். கணக்குப் பாடத்தைப் பற்றிப் பேசினாள், யாரோ ஒரு டீச்சரைப் போல் பேசிக் காட்டினாள், நடுவில் சிரிக்கக்கூடச் செய்தாள். ஊசிக்காரி கதவில் கைவைத்தபடி நின்று முழு ஒரு மணி நேரமும் கேட்டாள். ஊரைவிட்டுப் போகப்போகிறோம் என்று அந்தப் பெண் கடைசிவரை சொல்லவே இல்லை.